கொலைகாரப் பெட்டியில் மீதி மூன்று படம்

என் காமிரா கொலைகாரக் காமிரா என்று குத்தம்பாக்கத்தில் தீர்ப்பாகியிருந்தது. அப்பீல் கிடையாது.

முதலில் செங்கல்வராயனுடைய காளை. கண்காட்சியில் பரிசு வாங்கிய காளை. மாலையோடு நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். மறுவாரம் கிணற்றில் விழுந்து செத்தது. அடுத்தது ஓய்வுபெற்ற தாசில்தார். பேத்தி கல்யாணத்தில் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். தீபாவளிக்குள் போய்விட்டார். அவருக்கு எண்பத்தேழு வயது என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு ஏரிக்கரைப் புளியமரம். அழகாக இருக்கிறதே என்று எடுத்தேன். இடி விழுந்தது.

கடைசியாகத் தாட்சாயிணி. என் மனைவி. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம். கிணற்றடியில் நிற்கவைத்தேன். "சீக்கிரம், சோறு ஆறுது" என்றாள். எடுத்தேன். அந்த மாதமே காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காமிராவைத் திறக்கவில்லை. ஃபிலிம் உள்ளேயே இருந்தது. எட்டுப் படம் எடுக்கிற சுருள். அதில் ஐந்தாவது படம் அவள். மூன்று மீதி.

"கழுவிடலாம்டா. மூணு படம் போனாப் போவுது" என்பான் லோகநாதன். அம்பத்தூர் ஸ்டேஷனில் சரக்கு குமாஸ்தா. என் அறைக்குப் பக்கத்து அறை. வீட்டிலேயே ஃபிலிம் கழுவுவான்.

"முடியட்டும்" என்பேன்.

"நீ எடுத்தாத்தானே முடியும்?"

இப்படி இரண்டு வருஷம் ஆயிற்று.

குழந்தை ராணி, தாட்சாயிணியின் அண்ணன் வேம்புலி வீட்டில் வளர்ந்தாள். வேம்புலிக்கும் அவன் மனைவி வடிவுக்கும் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்க் குழந்தையைப் பார்ப்பேன். குழந்தை என்னைப் பார்க்கும். பிறகு அம்பத்தூர் திரும்புவேன்.

அந்தக் கோடையில் ரங்கூனில் ஓர் அரிசி மண்டியில் வேலை கிடைத்தது. மூன்று வருஷ ஒப்பந்தம். கப்பல் அடுத்த மாதம். ராணியின் படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

வேம்புலி களத்துமேட்டில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ராணியை ஒரு படம் எடுக்கணும்."

"எதுல?"

"என் காமிராவுலதான்."

கயிற்றைக் கீழே போட்டான். "மாப்ளே, நீ பி.ஏ. படிச்சவன். நான் ஏர் ஓட்றவன். இருந்தாலும் சொல்றேன். அந்தப் பொட்டியை எடுத்துகினு இந்தத் தெருவுக்கு வந்தேன்னா, பொட்டியும் இருக்காது, நீயும் இருக்கமாட்டே."

"மூடநம்பிக்கை மச்சான்."

"சரி, மூடம்தான். காளை எங்கே? தாசில்தார் எங்கே?"

"அவருக்கு எண்பத்தேழு வயசு."

"புளியமரத்துக்கு?"

நான் சைக்கிள் கைப்பிடியைத் துடைத்தேன்.

"என் தங்கச்சிக்கு இன்னா வயசு?" என்றான். கயிற்றை மறுபடி எடுத்துக்கொண்டான். "இவ ஒருத்திதான் கீறா மாப்ளே எனக்கு."

நான் பௌதிகம் படித்தவன். புளியமரத்து இடியை மட்டும் விளக்கியிருக்கலாம்.

அந்த வாரம் வானத்திலிருந்து ரோஸ் நிற நோட்டீஸ் விழுந்தது. பெரிய யுத்தத்தில் ஜெர்மன்காரன் தலையில் குண்டு போட்ட அசல் போர் விமானம்! ஆகாயக் குட்டிக்கரணம்! மாவு மூட்டை குண்டுவீச்சு! ஞாயிறு மாலை, திருமழிசைக்கும் குத்தம்பாக்கத்துக்கும் நடுவே வற்றிப்போன ஏரியில். யுத்தம் முடிந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விமானத்துக்கு வேலை போய்விட்டது. ஊர் ஊராகச் சர்க்கஸ் காட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு வேம்புலி அம்பத்தூருக்கே வந்துவிட்டான்.

"ஒரு யோசனை மாப்ளே. இதுல தொரை ஒருத்தன் ஒக்காந்து ஓட்றானாம். அது பறக்கச்சொல்லோ உன் பொட்டியால புடி. தரையில நிக்கச்சொல்லோ புடிச்சா செல்லாது. கீழ வுழலன்னா பொட்டி மேல குத்தம் இல்ல. ராணியைப் புடிச்சிக்கோ."

"வுழுந்தா?"

"வுழுந்தா பொட்டியை ஏரியில பொதைச்சிட்டு நீ கப்பல் ஏறு."

சம்மதித்தேன். லோகநாதன்தான் என்னைவிட அதிகமாகச் சம்மதித்தான். சொந்தமாக அவனிடம் காமிரா கிடையாது. காமிரா கேட்லாகுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அவற்றை மனப்பாடமாகச் சொல்வான்.

"உன் மடக்குக் காமிரா ஆவாது பரந்தாமா. அதிவேகமே நொடியில நூத்துல ஒரு பங்கு. அதுக்குள்ள அந்த விமானம் ஒரு முழம் தாண்டிடும். படத்துல விமானம் வராது. தடவின மாவு மாதிரி ஒரு கோடு வரும்."

மறுநாளே மவுண்ட் ரோடில் ஒரு ஸ்டூடியோக்காரரின் காலில் விழுந்து, பத்திரிகைக்காரர்கள் வைத்திருக்கிற திரை ஷட்டர் காமிரா ஒன்றை இரவல் வாங்கிவந்தான். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கூஜா அளவுக்கு ஒரு லென்ஸ். மேகம் எடுப்பாகத் தெரிவதற்கு ஒரு மஞ்சள் கண்ணாடி. ஆளுயர முக்காலி. எல்லாவற்றையும் என் கட்டிலில் பரப்பிவைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலில் எனக்குப் படுக்க இடமில்லை.

வேம்புலி சோதனைக்கு வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலைச் சுற்றி நடந்தான்.

"இது எது?"

"புதுக் காமிரா. இதுலதான் எடுக்கப்போறோம்."

"இன்னா லோகு, எனக்கே காது குத்துறியா? கொலை பண்ண கத்தி ஒண்ணு, கோர்ட்டுக்குக் கொண்டாந்த கத்தி ஒண்ணா? பழைய பொட்டிதான்."

"லென்ஸ்?"

"அது பொட்டியோட கண்ணாச்சே. கண்ணை மாத்தினா எப்டி?"

"இந்த மஞ்சள் கண்ணாடியாவது?"

"மஞ்சளா?" வேம்புலி யோசித்தான். "ஊஹூம். மஞ்சள் மங்களம். பொட்டிக்கு வீரியம் கொறைஞ்சிடும். அப்புறம் வுழலன்னா எதனாலே வுழலன்னு எப்டித் தெரியும்?"

என்னுடன் பி.ஏ. படித்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த அளவு ஆராய்ச்சி புத்தி இல்லை.

மிஞ்சியது முக்காலி மட்டும். அதற்கு வேம்புலி ஆட்சேபம் சொல்லவில்லை. எனக்குத்தான் அது தேவைப்படவில்லை. மெதுவான ஷட்டரில் வேகமான பொருளை எடுக்க ஒரே வழி, அதோடு கூடவே நாமும் திரும்புவது. விமானம் போகிற வேகத்தில் காமிராவும் திரும்பினால் விமானம் தெளிவாக விழும். பின்னால் இருக்கிற பனைமரமெல்லாம் கோடாகிவிடும். முக்காலியில் நிறுத்தினால் திரும்ப முடியாது.

இன்னொரு தொல்லை இருந்தது. என் காமிராவில் குனிந்து பார்க்கிற சின்னக் கண்ணாடிதான். அதில் இடது வலதாகத் தெரியும். விமானம் இந்தப் பக்கம் போனால் பிம்பம் அந்தப் பக்கம் போகும். லோகநாதன் சைக்கிள் ஆரக் கம்பியை வளைத்துச் சதுரம் ஒன்று செய்து காமிராவின் தலையில் ரப்பரால் கட்டினான். அந்தச் சதுரம் வழியாக நேரே பார்த்தால் போதும். வேம்புலி அதைத் தட்டிப் பார்த்தான்.

"இது பொட்டி இல்ல. பொட்டிக்கு மொளைச்ச கொம்பு. சரி, இருக்கட்டும்."

பயிற்சி தொடங்கினோம். ஃபிலிமை வீணாக்க முடியாது. அதனால் காமிராவைத் திருப்பிக்கொண்டே போய், சரியான சமயத்தில் வாயால் 'டக்' என்பேன். காக்கையை எடுத்தேன். டக். அரக்கோணம் பாசஞ்சரை எடுத்தேன். டக். லோகநாதன் இரண்டு கையையும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு சைக்கிளில் என்னைக் கடந்துபோனான். டக் என்று நான் சொன்னபோது அவன் சாக்கடையில் இருந்தான். ஊரில் சேதி பரவ இது ஒன்று போதாதா? தபால்காரர் என் தெருவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஏரித் தரையில் விமானம் நின்றது. இரண்டடுக்கு இறக்கை. மரச்சட்டம், துணி, கம்பி. இறக்கையில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். அடியில் விளக்கெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றவேண்டுமாம். அதைச் சொன்னவன் பெரம்பூர் மெக்கானிக் தேவராஜ். ஒரு மான்தோலில் வடிகட்டி வடிகட்டி எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தான்.

"அதனால்தான் இந்த ஓட்டம் ஓடுதா?" என்றார் கூட்டத்தில் ஒருவர். அவர் சொன்னது அவருடைய சின்ன வயது அனுபவத்திலிருந்து.

பைலட் விண்டர் துரை வந்தார். சிவந்த முகம், முகமெல்லாம் புள்ளி. யுத்தத்தின்போது இவர் தொட்டிலில் இருந்திருப்பார். வேம்புலியின் தோளில் இருந்த ராணியைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு பிஸ்கோத்தை எடுத்து நீட்டினார். ராணி வாங்கிக்கொண்டு, தான் கடித்துக்கொண்டிருந்த முறுக்கை அவரிடம் நீட்டினாள். துரை மரியாதையாக வாங்கித் தின்றார்.

வேம்புலியின் முகம் மாறியது. என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனான்.

"சின்னப்புள்ள மாப்ளே. மீசைகூட சரியா மொளைக்கல. வேணாம். வுட்டுடு."

"அப்ப ராணியை எடுக்கட்டுமா?"

"அதுவும் வேணாம்."

"ஒண்ணு சொல்லு மச்சான்."

அவன் ராணியை வடிவிடம் கொடுத்துவிட்டு ஊரைப் பார்த்து ஓடினான். சிறிது நேரம் கழித்து, நெற்றி நிறைய குங்குமத்தோடு, ஒரு பித்தளைச் சொம்பைத் துண்டால் மூடிக்கொண்டு விமானத்தின் பக்கம் போவதைப் பார்த்தேன். தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறான் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்காமலிருப்பது என் பழக்கம்.

நான் ஒரு கட்டை வண்டியின் மேல் ஏறி நின்றேன். லோகநாதன், யாரும் கேட்காத முக்காலியோடு, கீழே நின்றான். குறி பார்க்கக் காமிராவைக் கண்ணுக்குத் தூக்கினேன். எதிரே இருந்த கூட்டம் அப்படியே உட்கார்ந்தது. வலது பக்கம் திருப்பினேன். வலது பக்கம் உட்கார்ந்தது, இடது பக்கம் எழுந்தது. இடது பக்கம் திருப்பினேன். காற்றடித்த நாற்று மாதிரி ஆயிரம் பேர் சாய்ந்து எழுந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தலைப்பாகையைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

வண்டிச் சக்கரத்தருகே யாரோ என் வேட்டியை இழுத்தார்கள். குப்பம்மா. வானகரத்துக்காரி. கக்கத்தில் ஒரு கோழி.

"அண்ணாத்தே, அதோ பச்சைத் துண்டு போட்டுகினு நிக்கிறான் பாரு, என் கொழுந்தன். அவன் பக்கமா கொஞ்சம் திருப்பேன்."

"போம்மா."

"இந்தக் கோழியை உனக்கே குடுத்துடறேன். முட்டை போடுற கோழி அண்ணாத்தே."

விமானம் கிளம்பியது. குட்டிக்கரணம் போட்டது. தலைகீழாகப் போனது. ஜெர்மன் கோட்டை என்று கட்டிவைத்திருந்த அட்டைக் கூண்டின் மேல் மாவு மூட்டைகளைப் போட்டது. கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. போலீஸ்காரர் வெள்ளையாகிவிட்டார். கடைசியாகத் தாழ இறங்கி, ஏரியின் நீளத்துக்கும் எங்களைக் கடந்து வந்தது. இதுதான் என் சமயம்.

கம்பிச் சதுரத்துக்குள் விமானம் வந்தது. கூடவே திரும்பினேன். கூட்டம் வரிசையாகப் படுத்துக்கொண்டே போனது. துரை எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அழுத்தினேன். டக். இந்த முறை வாயால் இல்லை.

விமானம் ஏரியைத் தாண்டி மேலே ஏறியது. ஒருமுறை இருமியது. இன்னொருமுறை இருமியது. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

யாரும் விமானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மட்டும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சத்தமில்லாமல் பனைமரங்களுக்கு மேல் சரிந்துகொண்டிருந்தது. "விழாதே" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. வெளியில் கேட்கும்படி சொன்னேன் என்று லோகநாதன் பிறகு சொன்னான். விமானம் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

வேம்புலி ராணியைத் துண்டால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. அழுதுகொண்டிருந்தான்.

எல்லோரும் ஓடினோம். மரங்களுக்கு அப்பால் செங்கல்வராயனுடைய கத்திரித் தோட்டம். விமானம் அதன் நடுவே, மூக்கு கொஞ்சம் மண்ணில், வால் கொஞ்சம் மேலே, முழுசாக உட்கார்ந்திருந்தது. விண்டர் துரை பக்கத்தில் நின்று கையில் ஒரு கத்திரிக்காயை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல்வராயன் என் சட்டையைப் பிடித்தார். "மொதல்ல மாடு! இப்ப கத்திரிக்காயா? இன்னும் இன்னாடா பாக்கி கீது என்னாண்ட?"

"வுழுந்துடுச்சி! வுழுந்துடுச்சி!" என்றது கூட்டம்.

"வுழல. எறங்கிச்சி" என்றான் லோகநாதன்.

"கத்திரித் தோட்டத்துல எவனாவது எறங்குவானா?"

"தொரை உசிரோட கீறாரா இல்லியா?"

"இப்ப கீறாரு. ராத்திரிக்குப் பாரு."

தேவராஜ் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. எஞ்சினுக்குள் கையை விட்டு ஒரு குழாயைக் கழற்றினான். வாயால் ஊதினான். உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ ஒன்று வந்து விழுந்தது. விரலால் எடுத்து வெயிலில் பிடித்தான்.

விளக்குத் திரி. பாதி எரிந்த பஞ்சுத் திரி.

"எண்ணெய்க் குழாய அடைச்சிகினு கீது. தனக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடிக் குமிழ்ல எண்ணெய் துடிக்கலன்னு பாத்துட்டு, தொரையே எஞ்சினை நிறுத்திட்டு எறங்கியிருக்காரு. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா எஞ்சின் எரிஞ்சிருக்கும். நான் தோல்ல வடிகட்டாம ஒரு சொட்டு ஊத்தறதில்ல. எவன் வேலை இது?"

வேம்புலி ராணியைத் துண்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தான். தொண்டையைக் கனைத்தான்.

"நான்தான் கொஞ்சம் ஊத்தினேன்."

"எதை?"

"பொன்னியம்மன் கோயில் விளக்கு எண்ணெய். அதுவும் விளக்கெண்ணெய்தான்யா, கலப்படம் இல்ல. தொரைக்குப் பொட்டியால ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு. நீ பசங்களைத் தொரத்தப் போனேல்ல, அப்போ."

"ஊத்தினதுதான் ஊத்தினே, வடிகட்டி ஊத்தக்கூடாதா?"

வேம்புலிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேசுறே நீ? அம்மன் எண்ணெயைத் தோல்ல ஊத்தச் சொல்றியா? செத்த தோல்ல?"

கூட்டத்தில் பலர் தலையை ஆட்டினார்கள். இதில் வேம்புலி பக்கம் நியாயம் இருப்பதாகப் பட்டது. தேவராஜ் துரைக்கு இங்கிலீஷில் விளக்கினான். துரை திரியைப் பார்த்தார். வேம்புலியின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் சிரித்தார்.

"ஆக, காமிரா இறக்கல மச்சான்" என்றேன். "நீ இறக்கினே."

வேம்புலி கொஞ்சம் யோசித்தான். எனக்கு அந்த முகம் தெரியும். மஞ்சள் கண்ணாடிக்கும் இதே முகம்தான்.

"அப்டி இல்ல மாப்ளே. பொட்டி கொல்லத்தான் பாத்துச்சி. நெருப்புப் புடிச்சி மேலயே எரிஞ்சிருக்கும். அம்மன் எண்ணெய்தான் பூப்போல எறக்கி வுட்டிருக்கு. ஒரு கீறல் இல்ல பாரு. அதனால பொட்டி கொலைகாரப் பொட்டிதான்."

லோகநாதன் முக்காலியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். நான் திரும்பி நடக்கத் தொடங்கினேன். கப்பலுக்கு என்னென்ன மூட்டை கட்டவேண்டும் என்று யோசித்தேன்.

"இன்னாய்யா சொல்றே நீ?" என்றாள் வடிவு. "பொட்டி கொல்ல வந்தா எண்ணெய் காப்பாத்தும். அதானே?"

"அதான்."

"தொரை ஏறின வண்டிக்கு ஊத்தினதுக்கே தொரை பொழைச்சிகினாரு?"

"ஆமா."

"அப்ப புள்ள மேலயே தடவிட்டா?"

வேம்புலி ராணியைப் பார்த்தான். அவனுடைய சொந்தத் தர்க்கம் அவனைக் கத்திரித் தோட்டத்தின் நடுவில் கட்டிப்போட்டுவிட்டது.

"ரெண்டு வருஷமா ஆத்தாளைப் பாக்காத புள்ளை" என்றாள் வடிவு. "அப்பனாவது இதைப் படத்துல பாக்கட்டும். ஊட்டுக்கு வாண்ணா. வெயில் சாயப்போவுது."

சொம்பின் அடியில் மிச்சம் இருந்ததைப் பாதத்திலிருந்து உச்சி வரை ராணிக்குத் தடவினார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. வழுக்கிக்கொண்டு இரண்டு முறை ஓடிவிட்டாள். வேம்புலி கடைசியில் தன் தலையிலும் ஒரு கை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, அவளைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தான். கிணற்றடியில். வெளிச்சம் அங்கேதான் இருந்தது. துரை வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார், உயிரோடு. அவ்வப்போது வேம்புலி எட்டிப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டான்.

கம்பிச் சதுரத்துக்குள் ராணி வந்தாள். துலக்கிவைத்த வெண்கலப் பானை மாதிரி பளபளத்தாள். அவள் அம்மா நின்ற அதே கல்லில் கால் வைத்திருந்தாள். என் விரல் நகரவில்லை.

"சீக்கிரம்ணா, எண்ணெய் கண்ணுல வழியுது" என்றாள் வடிவு.

அழுத்தினேன். டக்.

வேம்புலி முதலில் ராணியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

"நில்லு மாப்ளே, போயிடாதே. நான் கண்ணை மூடிட்டேன். இன்னொண்ணு புடி."

காமிராவின் முதுகில் இருக்கிற சிவப்பு ஜன்னலில் எட்டு என்ற எண் வந்தது. அவன் மீசையைத் தடவிக்கொண்டு, கண்ணை உருட்டி விழித்தான். எடுத்தேன்.

சுருள் முடிந்தது. கடைசி வரை சுற்றினேன். வெளியே எடுத்து, சுருள் அவிழாமல் நுனிக் காகிதத்தை நாக்கால் நனைத்து ஒட்டினேன். லோகநாதன் கையை நீட்டினான். கொடுத்தேன்.

"அஞ்சாவது" என்றேன்.

"தெரியும்டா. இன்னிக்கே கழுவிடறேன்."

"கழுவுறதா?" என்றான் வேம்புலி. எண்ணெய் வழிகிற தலையோடு லோகநாதனுக்குக் குறுக்கே வந்து நின்றான். "பாத்து லோகு. சொம்மா தண்ணியில போவாது. இவ்ளோ எண்ணெய் கீது. சீயக்காய் போட்டுக் கழுவு."

நான் சிரித்துவிட்டேன். ராணி ஓடுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் புதிது.